கதவைச் சாத்தச் சொன்னவள்

சீதாலெட்சுமிக்குக் காதுதான் சோறு போட்டது. வேறு யாரைப் பற்றியாவது இப்படிச் சொன்னால் மிகை. அவள் விஷயத்தில் அப்பட்டமான உண்மை. வீடுகளுக்குத் தண்ணீர் வடிகட்டி வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர்களின் அழைப்புகளை எடுக்கும் பிரிவில் பதினொரு வருடமாக வேலை. முதல் நான்கு வருடம் போனில் பேசினாள். பிறகு, பேசுகிறவர்களை ஒட்டுக்கேட்கும் வேலைக்கு உயர்த்தப்பட்டாள். ஒட்டுக்கேட்பது என்று சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ‘தரச் சோதனை’ என்று திருத்துவாள்.

ஏஜெண்டுகள் பேசிய அழைப்புகளின் பதிவைக் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடவேண்டும். வணக்கம் சொன்னாளா, பெயரைக் கேட்டாளா, குரலில் சலிப்பு தட்டியதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். மற்ற சோதனையாளர்கள் பதிவை வேகமாக ஓட்டிக் கேட்பார்கள். வாடிக்கையாளரைக் காத்திருக்க வைத்த இடம் வந்தால் அப்படியே தாண்டிப் போய்விடுவார்கள். சீதா தாண்டமாட்டாள். காத்திருக்கும்போது வாடிக்கையாளரின் காதில் பாட்டு ஓடும். ஏஜெண்டின் காதிலும் அதே பாட்டுதான். ஆனால் ஏஜெண்டின் வாய்க்கு முன்னால் இருக்கும் மைக் தூங்குவதில்லை. அது சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் பதிந்துகொண்டே இருக்கும். யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஆளின் உண்மையான குணம் தெரியும் என்பது சீதாவின் கொள்கை. பலபேர் அந்த இடத்தில்தான் அவளிடம் மாட்டியிருக்கிறார்கள். ‘சீதா கிட்ட எறும்பு நடந்தாக்கூட மார்க் போயிடும்’ என்று ஆபீஸில் ஒரு பேச்சு இருந்தது. அது அவள் காதுக்கு வராமல் இருக்குமா? வந்தது. உள்ளுக்குள் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

2020 மார்ச் பதினெட்டாம் தேதி, தொற்றுநோய்க்குப் பயந்து நாடு கதவைச் சாத்திக்கொண்டது. ஆபீஸில் மடிக்கணினியையும் ஹெட்செட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து, வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றார்கள்.

வீடு பிரிக்பீல்ட்ஸில், பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் மோனோரயில் கிறீச்சிடும், பூக்கடை ஸ்பீக்கர் அலறும், வாழையிலைச் சாப்பாட்டுக்கடையில் தட்டுகள் மோதும். பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வாழும் வட்டாரம் அது. நடைபாதையில் பதித்த மஞ்சள் ஓடுகளின் மேல் அவர்களுடைய வெள்ளைக் கம்புகள் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு போகும். தட்டுகிற விதத்தை வைத்தே போவது யார் என்று சீதா சொல்லிவிடுவாள். இப்போது கீழே ஒரு சத்தமும் இல்லை. பட்டப்பகல் பதினொரு மணிக்குக் கடைவீதியின் போக்குவரத்து விளக்கு, யாருமில்லாத சாலைக்கு மாறி மாறி எரிந்துகொண்டிருந்தது. முதல் வாரம் அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டாவது வாரம் ஜன்னலைச் சாத்தி வைத்தாள்.

வீட்டுக்குள் இருந்த ஒரே பெரிய சத்தம் அவள் புருஷன் முகுந்தன். சுற்றுலாப் பேருந்து ஓட்டுபவன். பத்துமலைக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போகும்போது, கைடு தூங்கிவிட்டால் மைக்கைத் தானே பிடுங்கி முருகனுக்கு எத்தனை படி, எந்தப் படியில் எந்தக் குரங்கு வாழைப்பழம் பிடுங்கும் என்று ஒரு மணி நேரம் பேசுகிறவன். இப்போது பேருந்து ஷெட்டில், அவன் சோபாவில். மகள் லோஷினிக்குப் பதினேழு வயது. பள்ளி முடிக்கிறவர்கள் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சை அவளுக்கு உண்டா இல்லையா என்று அரசாங்கத்துக்கே தெரியாத நேரம்.

சீதா படுக்கையறையைப் பிடித்துக்கொண்டு சட்டம் போட்டாள். ஒன்பதிலிருந்து ஆறுவரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. குக்கர் வேண்டாம், மிக்ஸி வேண்டாம், டிவி சத்தமில்லாமல் ஓடலாம். அவசரம் என்றால் கதவைத் தட்டலாம், அதுவும் விரலால்.

“நீதான் பேசறதே இல்லையே சீதா, சும்மா கேக்கத்தானே போறே. நாங்க ஏன்லா ஊமையாவணும்?” என்றான் முகுந்தன்.

“நான் கேக்கறதுதாங்க வேல. எனக்கு எல்லாம் கேக்கணும்.”

ஒரே மாதத்தில் அப்பனும் மகளும் நன்றாகப் பழகிவிட்டார்கள். சைகையில் சிரிப்பார்கள், சைகையில் சண்டை போடுவார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் மீன்தொட்டிக்குள் இருப்பதுபோல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். ஆறு மணி ஆன பிறகும் முகுந்தன் பேச மறந்து கையை ஆட்டினான். சீதாவுக்கு அது என்னவோ போல் இருந்தது, ஆனாலும் வசதியாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

பதிவுகளோ தலைகீழாக மாறியிருந்தன. ஆபீஸிலிருந்து வந்த அழைப்புகளில் குரல் மட்டும் இருக்கும். இப்போது ஒவ்வொரு குரலுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வீட்டில் சேவல் கூவியது. இன்னொரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பாத்திரங்களைக் கொண்டு பேசிக்கொண்டார்கள். இந்த வீடுகள் எதையும் சீதா பார்த்ததில்லை. ஆனால் எந்த வீட்டுக் குழாய் சொட்டுகிறது, எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் அழும் என்று அவளுக்குத் தெரியும். பதிவு அவளிடம் வந்துசேர மூன்று நாள் ஆகும். ஆகவே வெள்ளிக்கிழமை அவள் செவ்வாய்க்கிழமையில் உட்கார்ந்திருப்பாள். அவள் கேட்டு முகம் சுளித்த அழுகை அங்கே மூன்று நாளுக்கு முன்பே அடங்கியிருக்கும்.

இதற்கும் கம்பெனியிடம் ஒரு கட்டம் இருந்தது. பின்னணிச் சத்தம்: இருந்தால் பதினைந்து கழி. மொத்தம் எண்பதுக்குக் கீழே போனால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. வெளியே ஒரு கடையும் திறக்காத அந்த மாதத்தில், ஒப்பந்தம் போய்விட்டால் வேறு வேலைக்கு எங்கே போவது?

ஏப்ரல் முதல் வாரத்தில்தான் அந்தத் தட்டல் வந்தது.

டொக் டொக் டொக். சீதா தன் அறைக் கதவைத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஹெட்செட்டைக் கழற்றினாள். வீடு அமைதியாக இருந்தது. எழுந்து கதவைத் திறந்தாள். முகுந்தன் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தான். மீண்டும் ஹெட்செட்டை மாட்டி, பதிவைப் பின்னால் தள்ளி ஓட்டினாள். அதே இடத்தில் அதே மூன்று தட்டு. உலோகத்தில் உலோகம் படுகிற சத்தம், பொறுமையான கை. பேசிக்கொண்டிருந்தது தாமரை, போர்ட் கிள்ளானில் இருக்கிற பெண். இருபத்தாறு வயது. ஆபீஸில் சீதாதான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தாள். அருமையான குரல், கோபக்காரர்களையே குழைய வைத்துவிடும். ஆனால் தட்டல் கேட்டவுடன் அந்தக் குரல் தடுமாறியது, ஒரு கேள்வியைத் தவறவிட்டது. எழுபத்தைந்து. சிவப்பு.

அடுத்த வாரம் இன்னொரு பதிவு, இன்னொரு மூன்று தட்டு, இன்னொரு சிவப்பு.

மூன்றாவது விழுந்தால் அவ்வளவுதான். சீதாவுக்கு மனசு கேட்கவில்லை. சோதிக்கிறவர்கள் ஏஜெண்டோடு நேரடியாகப் பேசக் கூடாது, மேற்பார்வையாளர் ரபீக் மூலம்தான் எதையும் சொல்லவேண்டும் என்பது விதி. ஏழு வருடத்தில் முதல் முறையாக அதை மீறினாள். மத்தியான இடைவேளையில் காதும் காதும் வைத்தாற்போல் தாமரையைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நீங்களா? ஏதாச்சும் தப்பாயிருச்சாக்கா?”

“நான் கால் பண்ணேன்னு யாருக்கும் தெரியக் கூடாது, ஓகேயா? உன் லைன்ல ஒரு சத்தம் வருதும்மா. யாரோ தட்டுற மாதிரி. என்னாது அது?”

தாமரை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்கப்பாக்கா. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷமாச்சு. பேச்சு வராது. தண்ணி வேணும்னா ஸ்பூனால டம்ளர்ல மூனு தட்டு தட்டுவாரு. முன்னெல்லாம் நான் ஆபீஸ் வந்துட்டா பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்டி பாத்துக்குவாங்க. இப்ப யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாதுல்ல.”

“எங்க படுக்க வச்சிருக்கே?”

“ஹால்ல, எம் பக்கத்துலயேதான். பேசிக்கிட்டே ஒரு கையால தண்ணி குடுத்துருவேன்.”

அந்த ஒரு கையைச் சீதா மனக்கண்ணில் பார்த்தாள். பார்த்தும், தன் சட்டப்புத்தகத்திலிருந்துதான் பதில் சொன்னாள்.

“இங்க பாரு, உனக்கு ஏற்கெனவே ரெண்டு ரெட். இன்னொன்னு வந்தா நானே நெனச்சாலும் ஒன்னும் செய்ய முடியாது. அப்பாவ ரூம்ல படுக்க வச்சிட்டுக் கதவ சாத்திக்கோ. ஒரு கால் முடிஞ்சு அடுத்த கால் வர்றதுக்குள்ள போய்ப் பாரு. பத்து நிமிஷத்துல ஒன்னும் ஆயிடாதுலா.”

“சரிக்கா. நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ரொம்ப தேங்ஸ்க்கா.”

போனை வைத்தபோது சீதாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு உதவினோம் என்று நினைத்தாள். அன்று முகுந்தன் வைத்த ரசத்தைக்கூட நன்றாக இருக்கிறதென்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த தாமரையின் பதிவுகள் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. சீதா ஒலியைக் கடைசிவரை ஏற்றிப் பார்த்தாள். நாற்காலி முனகுவது கேட்டது, தூரத்தில் துறைமுகத்துக்குப் போகிற லோரி ஒன்று கேட்டது. தட்டல் இல்லை. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றெட்டு. நாடெங்கும் வடிகட்டியைப் பழுதுபார்க்க ஆள் போக முடியாத நேரம். தண்ணீர் வரவில்லை, தண்ணீரில் வாடை, பிள்ளைக்குப் பால் கலக்கத் தண்ணீர் இல்லை என்று அழைப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றை வைத்தவுடன் அடுத்தது ஒலிக்கும். தாமரை எல்லோருக்கும் பதமாகப் பதில் சொன்னாள்.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. சீதா திறந்தது செவ்வாய்க்கிழமைப் பதிவு ஒன்று. நேரம் 11.20. வாடிக்கையாளர் ஒரு வயதான அம்மாள். வடிகட்டியில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம். “ஒரு நிமிஷம் காத்திருக்க முடியுங்களா மேடம்? டெக்னிஷன் எப்ப வருவார்னு பாத்துச் சொல்றேன்,” என்று தாமரை அவரைக் காத்திருப்பில் போட்டாள்.

சீதா வழக்கம்போல் தாண்டவில்லை. ஒலியை ஏற்றினாள்.

டொக் டொக் டொக்.

வெகு தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. தாமரையின் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு காதிலும் காத்திருப்புப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்காதது மைக்குக்குக் கேட்டது. மறுபடி மூன்று. பிறகு எண்ணிக்கை குலைந்தது. நான்கு, ஐந்து, ஏழு என்று விடாமல், மழை ஓட்டில் விழுவதுபோல். சீதா தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். “போம்மா,” என்றாள் வாய்விட்டு. “போய்ப் பாரும்மா.” செவ்வாய்க்கிழமைக்கு அவள் குரல் எப்படிக் கேட்கும்?

டம்ளர் தரையில் விழுந்தது. சிமெண்டுத் தரையில் உருண்டு, ஒரு சுற்று சுற்றி, எதிலோ முட்டி நின்றது. அப்புறம் எதுவுமே இல்லை. அப்படியோர் அமைதியைச் சீதா ஏழு வருடத்தில் எந்தப் பதிவிலும் கேட்டதில்லை. இருபது வினாடி கழித்துத் தாமரையின் இனிமையான குரல் வந்தது.

“காத்திருந்ததுக்கு ரொம்ப நன்றி மேடம்.”

சீதா விதியெல்லாம் பார்க்கவில்லை. தாமரைக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ரபீக்குக்குப் போட்டாள்.

“தெரியாதா உங்களுக்கு? செவ்வாய்க்கெழமயே அவங்கப்பா இராமலிங்கம் மௌத்தாயிட்டாருக்கா. ஹார்ட்டாம். டெஸ்ட்டு அது இதுன்னு ரெண்டு நாள் இழுத்துட்டாங்க, பாவம். நேத்துதான் தகனம். நாலு பேருதான் போகலாம்னு சொல்லிட்டாங்க. போர்ட்ல கிரேன் ஓட்டுன மனுஷன், எத்தன கூட்டாளிங்க இருப்பாங்க, ஒருத்தரும் வர முடியல. சரிக்கா, அந்தப் பிள்ளை அன்னிக்குப் பேசுன கால் ஒன்னு உங்ககிட்ட பெண்டிங்ல இருக்கே? மார்க் போட்டு அனுப்பிடுங்க.”

சீதா கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தாள். வணக்கம், உண்டு. பெயர், கேட்டாள். பொறுமை, முழுமை. பின்னணிச் சத்தம் என்ற கட்டத்தில் சுட்டி நின்றது. பதினைந்து கழித்தால் எண்பத்தைந்து. சிவப்பில்லை, வேலைக்கு ஆபத்தில்லை. உண்மையை எழுத எந்தத் தடையும் இல்லை. ஆனால் எழுதினால் கம்பெனி வழக்கப்படி எந்த நிமிடத்தில் என்ன சத்தம் என்று குறிக்கவேண்டும், குறித்தது தாமரையின் கைக்குப் போகும். அதைவிட, அதை எழுதினால் தானே இன்னொரு தடவை படிக்கவேண்டும். ‘இல்லை’ என்று அடித்தாள். நூறு. அவள் யாருக்குமே போடாத நூறு. அழுகை வந்தபோதும் சத்தம் வராமல் அழுதாள். அந்த வீட்டில் அதுதானே சட்டம்.

பத்து நாள் கழித்துத் தாமரையே கூப்பிட்டாள்.

“அக்கா, ஒன்னு கேக்கணும். மறைக்காம சொல்லணும்.”

“சொல்லும்மா.”

“அன்னிக்குப் போன் கால் நிக்கவே இல்லக்கா. ரெண்டு மணிக்குத்தான் கதவ தொறந்தேன். டம்ளர் கட்டிலுக்குக் கீழ கெடந்துச்சு. டாக்டர் தூக்கத்துலயே போயிருப்பாருங்கறாரு. எனக்கு நம்ப முடியல. அப்பா தட்டியிருப்பாரோ, நான் கேக்காம இருந்திருப்பேனோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. நீங்கதானே எல்லாத்தையும் கேப்பீங்க. தட்டினாராக்கா?”

சீதா ஜன்னலைப் பார்த்தாள். கீழே மஞ்சள் ஓடுகள் யாரையும் காணாமல் நீண்டு கிடந்தன.

“இல்லம்மா,” என்றாள். “ஒரு சத்தமும் இல்ல. நான் வால்யூம் வச்சு நல்லா கேட்டுட்டேன்.”

மறுமுனையில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. பிறகு விம்மல்.

“ரபீக் அண்ணே நூறு மார்க்குன்னு சொன்னாரு. அப்பவே எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சுக்கா. எறும்பு நடந்தாக்கூட நீங்க விடமாட்டீங்க. நீங்களே நூறு போட்டிருக்கீங்கன்னா அப்பா நெஜமாவே தூங்கிட்டுத்தான் இருந்திருக்காரு.”

ஏழு வருடக் கறார்த்தனத்தை அந்தப் பெண் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனை வைத்தாள். கதவைச் சாத்தச் சொன்னது யார் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் சீதாவுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

தாமரை வேலைக்குத் திரும்பினாள். மூன்று நாள் கழித்து அவளுடைய முதல் பதிவு சீதாவிடம் வந்தது. இப்போது அந்த வீட்டில் தாமரையைத் தவிர யாருமில்லை. எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்பது குரலின் எதிரொலியிலேயே தெரிந்தது. நடுவில் ஒரு வாடிக்கையாளரைக் காத்திருப்பில் போட்டாள். சீதாவின் விரல் முதன்முறையாக அந்த இடத்தைத் தாண்டிவிடப் போனது. போகவில்லை. ஒலியை ஏற்றினாள்.

டொக் டொக் டொக்.

தூரத்தில் இல்லை. மைக்குக்குப் பக்கத்தில், ஒரு கை நீட்டினால் எட்டுகிற இடத்தில். அவசரமில்லாமல், முன்போலவே பொறுமையாக. தாமரையின் விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

சீதா பதிவை நிறுத்தினாள். தட்டல் நிற்கவில்லை. டொக் டொக் டொக். ஹெட்செட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

முகுந்தன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு கையின் விரல் கதவைத் தட்டிய நிலையில் அப்படியே. காலையிலிருந்து அவள் எதுவும் குடிக்கவில்லை என்று கொண்டுவந்திருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து, என்ன என்று கையால் கேட்டான்.

“வாயத் தொறந்து கேளுங்க,” என்று கத்தினாள் சீதா. “என்னக் கூப்பிடுங்க. சத்தமா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க.”

லோஷினி ஓடிவந்தாள். முகுந்தன் வாயைத் திறந்தான். முதலில் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமி, “சீதா,” என்றான். கரகரத்த, யாருடையதோ போன்ற குரல். “சீதா, என்னாச்சுலா உனக்கு?” இரண்டாவது முறை அது அவன் குரலாக இருந்தது. அவள் அவன் நெஞ்சில் தலையை முட்டிக்கொண்டு, இந்த முறை சத்தம்போட்டு அழுதாள்.

அன்றோடு அந்த வீட்டுச் சட்டம் ஒழிந்தது. கதவு திறந்தே கிடந்தது. குக்கர் கூவியது, டிவி அலறியது. லோஷினி பாடத்தை உரக்கப் படித்தாள். முகுந்தன் சமையலறையில் நின்றுகொண்டு, பத்துமலைப் படிகளைப் பற்றி அடுப்புக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான்.

சீதா இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறாள். ஊர் திறந்து, மோனோரயில் கிறீச்சிட்டு, வெள்ளைக் கம்புகள் மஞ்சள் ஓடுகளுக்குத் திரும்பி வருடங்கள் ஆகிவிட்டன. தாமரை இப்போதும் போர்ட் கிள்ளானில் வீட்டிலிருந்துதான் பேசுகிறாள். நல்ல பேர் எடுத்துவிட்டாள். அவளுடைய பதிவுகளை வேறு யாருக்கும் சீதா தள்ளிவிடுவதில்லை. முகுந்தனிடமோ ரபீக்கிடமோ ஒரு தரம் ஹெட்செட்டைக் கொடுத்து இது கேட்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்கிறது என்றாலும் பயம், கேட்கவில்லை என்றாலும் பயம். அதனால் தனியாகவே கேட்கிறாள். ஒவ்வொரு பதிவிலும், காத்திருப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மூன்று தட்டு. அவள் பதிவை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ச் சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, மடிக்கணினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறாள். பிறகு உட்கார்ந்து கட்டத்தை நிரப்புகிறாள். பின்னணிச் சத்தம்: இல்லை.